வீட்டுக்குள் வந்த பாம்புக் குட்டிக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது? திருப்பதி, சித்தூரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஜூன், ஜூலை வந்தால் திருப்பதியில் சேஷாசலம் மலையடிவாரக் குடியிருப்புகளிலும், சித்தூர் பக்கத்து மாந்தோப்பு வீடுகளிலும் இது நடக்கும். மோட்டார் ரூம் ஓரத்திலோ, வாசலில் விட்ட ஷூவுக்குள்ளோ ஒரு சாண் நீளத்தில் ஒரு பாம்புக் குட்டி. பார்க்கவே பாவமாக இருக்கும். போட்டோ எடுத்து அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவீர்கள். "மலைப்பாம்புக் குட்டிதான், ஒண்ணும் பண்ணாது. டப்பால போட்டு கொஞ்சம் பால் வைங்க" என்று யாராவது பதில் போடுவார்.

அந்த ஒரு வரியில் மூன்று தப்பு இருக்கிறது. முதல் தப்பு உயிரையே எடுக்கும்.

மலைப்பாம்பா, கண்ணாடி விரியனா?

பழுப்பு உடம்பில் வட்ட வட்டமாகக் கோர்த்த திட்டுகள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு குட்டிகளும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மலைப்பாம்பு முட்டையிலிருந்து வெளியே வரும்போதே சுமார் ஒன்றரை அடி இருக்கும். ஒரு சாண்தான் இருக்கிறது என்றால் கண்ணாடி விரியனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விரியன் முட்டை போடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள்கூட வரும். பிறந்த நாளிலேயே அதற்கு விஷமும் உண்டு, பல்லும் உண்டு. "குட்டிக்கு விஷம் ஊறியிருக்காது" என்பதை நம்பிக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

தெலுங்கில் மலைப்பாம்புக்கு கொண்டசிலுவ, கண்ணாடி விரியனுக்கு ரக்தபிஞ்சரி. வாட்ச்மேன் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அவர் கொண்டசிலுவ என்றே சொன்னாலும் தொட வேண்டாம்.

பசிக்குமே, என்ன செய்ய?

பசிக்காது. பிறந்த குட்டியின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். முதல் சட்டை உரிக்கும் வரை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம், அதை வைத்தே ஓட்டிவிடும். அப்புறம் சின்ன அரணை, தவளைக் குஞ்சு, கண் திறக்காத எலிக்குட்டி என்று தானே தேடிக்கொள்ளும். ஒரு முறை சாப்பிட்டால் பல நாள் தாங்கும். வாயைத் திறந்து எதையாவது திணித்தால் தொண்டை கிழியும், இல்லையென்றால் கக்கிவிடும்.

பால் விஷயம் நம் ஊரில் கொஞ்சம் சிக்கலானது. காளஹஸ்தி என்ற பெயரிலேயே 'காளம்' என்று பாம்பு இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் வரும் நாகுல சவிதிக்கு புற்றில் பால் ஊற்றாத தெரு ஆந்திராவில் குறைவு. புற்றுக்கு ஊற்றுவது உங்கள் நம்பிக்கை, அதில் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. டப்பாவில் இருக்கும் பாம்புக்கு மட்டும் வைக்காதீர்கள். பாலைச் செரிக்கும் வசதி பாம்புக்குக் கிடையாது. தாகத்தில் தவித்தால் எதையும் குடிக்கும். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

'நானே வளர்க்கிறேனே?'

முடியாது. மலைப்பாம்பு, நாகம், சாரை, கண்ணாடி விரியன் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்து வைத்தால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

பெங்களூரு, சென்னை நண்பர்கள் வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் பால் பைதான். (அந்தப் 'பால்' நம்ம பால் இல்லை. பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த பெயர்.) அதற்கும் 2024 விதிகளின்படி பரிவேஷ் போர்ட்டலில் பதிவு வேண்டும். பேப்பர் இல்லாமல் கிடைக்கும் குட்டி எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டியில் மட்டும் 22 பாம்புகள் இருந்தன.

முறையாகப் பதிவு செய்த பால் பைதான் குட்டி என்றால் உணவு விஷயம் இப்படி. முதல் சட்டை உரித்த பிறகே முதல் இரை. அதன் உடம்பில் தடித்த பகுதி எவ்வளவோ, இரையும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கணும். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை போதும். ஃப்ரீசரில் வைத்த எலிக்குட்டியை வெந்நீரில் போட்டு உள்வரை இளக வையுங்கள், மைக்ரோவேவ் கூடாது. நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். உயிருள்ள எலியை விட்டால் எலி பாம்பைக் கடித்துவிடும். சாப்பிட்ட பின் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். ஒரு வாரம் சாப்பிடவில்லை என்று பதறி விதவிதமாக முயற்சி செய்வதுதான் புதுசாக வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு. கூண்டில் சூடான பக்கம் 31, 32 டிகிரி இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருப்பதி மே மாத வெயிலில் பிரச்சினை தலைகீழ்: குளிர்ச்சியான ஒரு மூலையும் தண்ணீர்க் கிண்ணமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷூவில் இருக்கும் குட்டிக்கு?

குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து, வனத்துறைக்குப் போன் செய்து, அவர்கள் வரும்வரை அது எங்கே போகிறது என்று மட்டும் கண் வையுங்கள். தோட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் தானே போய்விடும்.

கடித்துவிட்டால் கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள். கைகாலை அசைக்காமல் 108-ல் ஏறுங்கள். திருப்பதியில் இருந்தால் ரூயா அரசு மருத்துவமனை. குட்டி கடித்தாலும் பெரியது கடித்தாலும் மருந்து ஒரே விஷமுறிவு ஊசிதான். குட்டிதானே கடித்தது என்று காலை வரை காத்திருக்காதீர்கள். கடித்த பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை.