எட்டு பத்து ட்ரெயினுக்குள் ஒரு குதிரை!

விடிகாலை நாலே முக்கால். அலாரம் அலறுவதற்கு முன்பே எழுந்து, அதன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பூனை மாதிரி நடந்து பால்கனிக்கு வந்துவிட்டேன். பல்பைப் போட்டேன். ஸ்டூல் மேல் சாய்த்து வைத்த கேன்வாஸில் பாதிக் குதிரை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆறு மணிக்குக் காபியோடு வந்தாள் சகதர்மிணி. தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“நாய் நல்லா வந்திருக்குங்க.”

“அது குதிரை!”

“ஓ... சரி சரி, காபி ஆறிடப் போவுது. குடிங்க.”

இப்படித்தான் சார், ஆறு வருஷமாக என் கலை வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. குரோம்பேட்டையில் இரண்டு ரூம் வீடு. வயசு நாற்பத்தாறு. ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். காலை 8.10 எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்தாக வேண்டும். ஆக, கடவுள் எனக்குக் கொடுத்திருப்பது ஐந்திலிருந்து ஏழு வரை. அதற்குள் குதிரை ஓட வேண்டும், வானம் வெளுக்க வேண்டும், பிரஷ்ஷும் கழுவியாக வேண்டும்!

பள்ளிக்கூடம் முடித்த கையோடு, ஓவியக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தவன் நான். 1850-ல் ஆரம்பித்த கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னமும் கம்பீரமாக நிற்கிறது. வெளியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். நாலு பிள்ளைகள். பாரத்தை வாங்கிப் படித்துவிட்டு, கோபமே படாமல் சொன்னார்: “வரையணும்னா ஞாயித்துக்கிழமை வரைடா. திங்கக்கிழமைக்கு ஒரு வேலை வேணும்.”

பி.காம். சேர்ந்தேன். அப்புறம் இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமையும் வரையவில்லை. அப்பா மேல் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால்... சோம்பேறித்தனம்!

எந்த பெயின்ட் சாமி?

நாற்பதாவது பிறந்த நாளன்று ஒரு ரோஷத்தில் மறுபடி ஆரம்பித்தேன். முதலில் வாட்டர் கலர். அதில் வெள்ளை என்றால் பேப்பரின் வெள்ளைதான். ஒரு தடவை கறுப்பு சொட்டிவிட்டால் போச்சு. தப்பை மன்னிக்காத மேனேஜர் மாதிரி!

அடுத்தது ஆயில் பெயின்ட். ராஜ வம்சம். ஆனால், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாள்கணக்கில் ஆகும். டர்பன்டைன் வாடையில் வீடே கராஜ் மாதிரி ஆகிவிட்டது. நாலாம் நாள், ஊரிலிருந்து வந்த மாமியாரின் புதுப் புடவை, ஈரம் காயாத என் சூரிய அஸ்தமனத்தின் மேல் உரசியது. அஸ்தமனம் அவர் முந்தானையில் நடந்தது. ஆயில் அத்தியாயம் முற்றும்.

அப்புறம்தான் அக்ரிலிக் வந்தது. விஷயம் ரொம்ப எளிமை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் மிதக்கும், கூடவே நிறப் பொடி. தண்ணீர் ஆவியாகப் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு தோல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் தண்ணீரே ஊற்றினாலும் கரையாது. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற எமல்ஷனுக்கு இது பங்காளி முறை. தண்ணீரில் கரைத்து வரைகிற அக்ரிலிக், ஓவியர்களுக்கென்று அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1950-களின் நடுவில்தான். மெல்லிசாகப் பூசினால் நம்ம ஊர் வெயிலுக்கு பத்துப் பதினைந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். தப்பு பண்ணினால்? அதன் மேலேயே பூசிக்கொள்ள வேண்டியதுதான். என் முதல் கேன்வாஸில் ஒன்றன் மேல் ஒன்றாக நாலு குதிரைகள் புதைந்திருக்கின்றன!

வில்லத்தனமும் உண்டு. காயும்போது நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். “வெளிர் நீலம்” என்று நம்பிப் பூசின வானம், பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் மழைக்கால வானமாகியிருக்கும். பிரஷ்ஷைத் தண்ணீரில் போடாமல் போன் பேசப் போனீர்களோ, தொலைந்தது. திரும்பி வரும்போது அது பிரஷ் இல்லை, குச்சி.

கிண்டலில் பிறந்த பேர்

லெண்டிங் லைப்ரரியில் எடுத்த ஒரு தடிப் புத்தகத்தில்தான் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றிப் படித்தேன். 1874 ஏப்ரலில் பாரீஸில், முப்பது பேர் வாக்கில் சேர்ந்து, ஒரு போட்டோகிராபரின் பழைய ஸ்டூடியோவில் சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். அதில் க்ளோத் மோனே என்பவர் 1872-ல் வரைந்த ஒரு துறைமுக சூரியோதயம். தலைப்பில் ‘இம்ப்ரெஷன்’ என்று ஒரு வார்த்தை வைத்துவிட்டார். லூயி லெரோய் என்ற விமர்சகர், ஒரு கிண்டல் பத்திரிகையில் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கும்பலையே வாரு வாரு என்று வாரினார். ஓவியர்கள் அசரவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பேரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பாருங்கள், கிண்டல் பத்திரிகையால் உலகத்துக்கு எவ்வளவு நன்மை!

எனக்குப் பிடித்தது அவர்களுடைய அவசரம். மோனே 1890-91-ல் வைக்கோல் போரையே இருபதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்தார். வெளிச்சம் மாறினால் இந்த கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். போர் அதே போர்தான். காலை வேறு, மாலை வேறு. சூரியன் யாருக்காகவும் காத்திருக்காது என்பது அவர் கவலை. ட்ரெயின் காத்திருக்காது என்பது என் கவலை. மற்றபடி நாங்கள் இருவரும் ஒன்றுதான்!

அந்த அவசரத்துக்கும் ஒரு சாமான் உதவியது. அதுவரை பெயின்ட்டைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி, ஊசியால் குத்திப் பிதுக்குவார்கள். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் பெயின்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்கு, ஆற்றங்கரைக்கு என்று கிளம்புவது சுலபமாகிவிட்டது.

இன்னொன்றும் அவர்களிடம் கற்றேன். நிழல் கறுப்பு இல்லை. வெயிலில் நிற்கிற குதிரையின் நிழலை உற்றுப் பாருங்கள். சூரிய ஒளிதான் அங்கே விழவில்லை, நீல வானத்தின் ஒளி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் மணல்மேல் நிழல் நீலமாகவும் ஊதாவாகவும் இருக்கும். இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் ஒரு குதிரையின் வயிற்றுக்கடியில் நீலத்தைத் தீட்டினேன்.

“ஏங்க, அதுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள் வீட்டு விமர்சகர்.

மெரினா புரொபசர்

குதிரை ஏன் என்று கேட்கிறீர்களா? சின்ன வயசில் எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கிற மண் குதிரைகள்தான் என் முதல் மாடல்கள். நாலு காலும் தரையில். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அசையாமல் போஸ் கொடுக்கும். மெட்ராஸுக்கு வந்தபின் நிஜக் குதிரைக்கு மெரினாவை விட்டால் வேறு ஏது கதி? ஞாயிற்றுக்கிழமை முதல் ட்ரெயின், அப்புறம் பஸ். சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது நான் ஸ்கெட்ச் நோட்டோடு மணலில் இருப்பேன்.

ஒரு நாள், பாய்ச்சலில் போகிற குதிரை ஒன்றை வரைந்து முடித்துப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால், அப்படியே காற்றில் பறக்கிறது! குதிரைக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது... குதிரை ஓடுதா, இல்ல காயறதுக்குக் கொடியில போட்டு வெச்சிருக்கியா?”

“ஏன் பெரியவரே?”

“நாலு காலும் தரையை வுட்டுத் தூக்கும் சார், வாஸ்தவம்தான். ஆனா விரிச்சுக்கினு இருக்காது. அப்போ வயித்துக்குக் கீழ வந்து மடங்கிக்கினு இருக்கும். இருவது வருசமா இத்தோட ஓடினு கீறேன், எனக்குத் தெரியாதா?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. 1821-ல் ழெரிகோ என்ற பிரெஞ்சு மேதை, இங்கிலாந்தின் எப்ஸம் பந்தயத்தை என்னை மாதிரியே கால் விரித்துத்தான் வரைந்திருக்கிறார். லூவர் மியூசியத்தில் இருக்கிறது. அவரைவிடவா?

லைப்ரரிக்குப் போய்ப் பார்த்தால்... பெரியவர் சொன்னதுதான் சரி! 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற போட்டோகிராபர் பந்தயப் பாதை ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே நூல். குதிரை ஓட ஓட நூல் இழுபட்டு, ஒவ்வொரு கேமராவும் ‘க்ளிக்’. செலவு, குதிரைப் பிரியரும் ரயில்வே முதலாளியுமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுடையது. கழுவிப் பார்த்தால், நாலு கால்களும் அந்தரத்தில் இருப்பது வயிற்றுக்கடியில் மடங்கிச் சேர்கிற அந்த ஒரு கணத்தில்தான்! அத்தனை காலம் ஓவியர்கள் வரைந்த பாய்ச்சல் பொய்.

நாட்டியப் பெண்களையும் பந்தயக் குதிரைகளையும் வரைந்து பேர் வாங்கிய எட்கார் தெகா, அந்தப் போட்டோக்களை வைத்துக்கொண்டு குதிரையின் காலைப் புதுசாகக் கற்றார். மோனே கோஷ்டியோடு கண்காட்சி வைத்தாலும், வெளியே ஸ்டாண்டைப் போட்டு வரைவது அவருக்கு ஆகாது. எல்லாம் ரூமுக்குள்தான். என் பால்கனிக்கு அவர்தான் சாட்சி.

அடுத்த ஞாயிறு காலை மடக்கி வரைந்து எடுத்துப் போனேன். பெரியவர் பார்த்தார். “இப்ப ஓடுது சார்” என்றார். ஆபீஸில் இருபது வருஷ சர்வீஸில் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்

“இதை வித்தா எவ்வளவு வரும்?” என்று செக்‌ஷனில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இதுவரை விற்றது சைபர். ஒரு காலத்தில் வலித்தது. இப்போது நான் ஆன்ரி ரூஸோவை நினைத்துக்கொள்வேன். பாரீஸில் சுங்கச் சாவடி உத்தியோகஸ்தர். எவரிடமும் ஓவியம் கற்றதில்லை. வேலை போக மீதி நேரத்தில் வரைந்து, 49 வயசில், 1893-ல் வேலையை விட்டார். அடுத்த வருஷமே யுத்தத்தைப் பற்றி ஒரு பெரிய படம். அதில் ஒரு கறுப்புக் குதிரை, மைப்ரிட்ஜ் காட்டிப் பதினாறு வருஷம் ஆகியும், காலை விரித்துக்கொண்டே பறக்கிறது! ஊரே சிரித்தது. அதே மனிதருக்கு 1908-ல் பிக்காஸோ தன் ஸ்டூடியோவில் விருந்து வைத்தார். குதிரை இன்று பாரீஸ் ஓர்சே மியூசியத்தில்.

சர்ச்சில் பிரஷ்ஷைத் தொட்டது நாற்பது வயசில், 1915-ல், யுத்தத்தில் ஒரு பெரிய தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பதவி இறங்கின சோகத்தில். அப்புறம் ஐந்நூறுக்கு மேல் வரைந்தார். எனக்குப் பதவியும் இல்லை, இறக்கமும் இல்லை. இருந்தும் அந்த மருந்து எனக்கும் வேலை செய்கிறது.

உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? கடையில் இருபத்துநாலு கலர் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியென்னா... ஐந்து ட்யூப் போதும். பர்ன்ட் சியென்னாதான் குதிரை. அதோடு நீலம் கலந்தால் கறுப்பை விட நல்ல கறுப்பு வரும். பழைய டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டுக் கலர் பிதுக்குங்கள். சீக்கிரம் காயாது, மூடியும் வைக்கலாம். வானத்தைக் குழைக்கும்போது மட்டும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, மத்தியானச் சாப்பாட்டு டிபன் பாக்ஸும் இதுவும் ஒரே நிறத்தில் வேண்டாம். அனுபவம்!

★ ★ ★

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பது. எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு மாசம் முன்பு கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் பால்கனிப் பக்கம் வந்து பார்த்தவரில்லை; நானும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு ஏழு மணி இருக்கும். பின்னால் செருப்புச் சத்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெரினா, காலை வெயில், நிற்கிற ஒரு குதிரை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“நிழலை நீலமாப் போட்டிருக்கே...”

“ஆமாப்பா, அது வந்து...” என்று 1874-ஐ எடுத்து விட வாயைத் திறந்தேன்.

“சரியாத்தான் இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கும் அப்படித்தாண்டா தெரியுது. இத்தனை வருஷமா எல்லாமே பழுப்பா இருந்துது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. மோனேவுக்கும் 1923-ல் கண்புரை ஆபரேஷன் நடந்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அப்பா குதிரையின் காலைக் காட்டி ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். மைப்ரிட்ஜ் வந்தார், மெரினா பெரியவர் வந்தார், ஐயனார் கோயில் வந்தது. சகதர்மிணி இரண்டாவது காபியும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?” என்றார் எழுந்துகொண்டே.

“நாலே முக்காலுக்குப்பா.”

“என்னையும் எழுப்பு.”

மணியைப் பார்த்தேன். எட்டே கால்!

ஆபீஸில் லேட். ரெஜிஸ்டரை நீட்டி, “காரணம் எழுதுங்க சார்” என்றார் சூப்பரின்டெண்டென்ட். வழக்கம் போல ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அது நிஜம்!