மலையேறும்போது காருக்கு மூச்சு வாங்குதா? காசை கொட்டும் முன் இதை கவனிங்க!

சேலம்:-

லீவு விட்டாச்சுன்னா போதும், ஏற்காடு மலைப்பாதையில் கார்கள் வரிசை கட்டும். அடிவாரம் வரை ஜம்மென்று வந்த கார், கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது திடீரென இழுவை இல்லாமல் திணறும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. ரெண்டு குலுக்கு குலுக்கிவிட்டு தானாகவே சரியாகி ஓடும். மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டு போனால் ஒரு கோளாறும் இருக்காது!

இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் பாக்கெட்டை பதம் பார்க்கிறது. இன்று பிளக், நாளை பம்ப், அடுத்த வாரம் சென்சார் என்று மாற்றினால் ஆயிரக்கணக்கில் காலி. கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். பணத்தை விட பெரிய ஆபத்து, குழந்தை குட்டிகளோடு போகும் கார் வளைவில் நின்று பின்னால் உருளுவது.

எனவே, கோளாறு 'எதில்' என்று தேடுவதற்கு முன்னால், அது 'எப்போது' வருகிறது என்று கவனிக்க வேண்டும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எது சகஜம்? எது கோளாறு?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக காற்று மெலிசாகும். டர்போ இல்லாத என்ஜினின் சக்தி அங்கே 15 சதவீதம் வரை குறையும். ஏசி போட்டு, 5 பேர் உட்கார்ந்து, மூட்டை முடிச்சும் ஏற்றினால் இன்னும் திணறும். இது சகஜம். கியரை குறைத்து ஏறினால் போதும்.

ஆனால் குலுக்கல், விட்டு விட்டு இழுப்பது, பட்டென ஆப் ஆவது எல்லாம் சகஜம் கிடையாது. அது கோளாறுதான்.

எப்போது வருகிறது?

* மேடு ஏறும்போதும், வேகமாக ஓட்டும்போதும் மட்டும் வருகிறதா? என்ஜினுக்கு எரிபொருளோ காற்றோ போதாமல் இருக்கலாம். பில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், ஏர் பில்டரில் தூசி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். டீசல் காரில் பில்டரில் தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஆகும். டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருந்தால், மேட்டில் அது ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப்பில் காற்று ஏறும்.

* ஒரு மணி நேரம் ஓடி, சூடான பிறகு ஆப் ஆகி, அரை மணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறதா? கிராங்க் சென்சார், இக்னீஷியன் காயில், பம்ப் ரிலே மீது சந்தேகப்படலாம். சூட்டில் இவை வேலை நிறுத்தம் செய்யும், ஆறியதும் நல்ல பிள்ளை ஆகிவிடும்.

* மழையிலும், காலை ஈரத்திலும் 'மிஸ்ஸிங்' வருகிறதா? பிளக், காயில், ஒயரில் மின்சாரம் கசியலாம்.

* பள்ளத்தில் விழுந்தால் மீட்டர் விளக்குகள் மினுக்குகிறதா? பேட்டரி டெர்மினல் அல்லது எர்த் ஒயர் லூசாக இருக்கலாம். இதற்கு ஸ்பேனர் செலவுகூட கிடையாது. எலி கடித்த ஒயரும் இதே வேலையைக் காட்டும்.

* விளக்கு எரிந்து, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறதா? என்ஜினை காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியை குறைத்திருக்கிறது. பி.எஸ்.6 டீசல் கார்களில் புகை பில்டர் அடைத்தாலும் இப்படி ஆகலாம். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டும் கார்களில் இது அதிகம்.

* என்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலையா? கிளட்ச் தேய்ந்திருக்கும். என்ஜினை பிரிக்க விட்டுவிடாதீர்கள்!

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். விளக்கு அணைந்த பிறகும் கோளாறு எண் கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கும். அதற்கு முன் பேட்டரி ஒயரை கழற்றினால் பல கார்களில் அது அழிந்துவிடும், உஷார். ஆனால் எண்ணில் சென்சார் பெயர் வந்தாலே சென்சார் போச்சு என்று அர்த்தமில்லை. ஒயரும், சாக்கெட்டும் கூட காரணமாக இருக்கலாம்.

அடுத்து, பெட்ரோல் பிரஷரை கேஜ் வைத்து பார்க்கச் சொல்லுங்கள். ஷெட்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதாது. அதே மேடு, அதே பாரம், அதே சூடு இருக்கும்படி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் கோளாறு வரும்போது மீட்டரை செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால், அதைவிட பெரிய சாட்சி இல்லை.

பெட்ரோல் போட்ட கையோடு கோளாறு ஆரம்பித்தால் பில்லை பத்திரப்படுத்துங்கள். பங்க்கில் பில்டர் பேப்பர் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய கார்களில் கூடுதல் கவனம் தேவை.

ரோட்டில் நின்று போனால்...

பதறாதீர்கள். ஹசார்ட் விளக்கை போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். என்ஜின் ஆப் ஆனால் ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகும், ஆனால் திரும்பும். பிரேக்குக்கு ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே உதவி மிச்சம் இருக்கும். எனவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கார் ஓடும்போது சாவியை மட்டும் உருவி விடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரத்துக்கு கல் முட்டு கொடுங்கள். குடும்பத்தினரை இறக்கி, காருக்கு பின்னால் நிற்க விடாமல் ரோட்டை விட்டு தள்ளி நிறுத்துங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். இருட்டில் வரும் பைக்காரருக்கு அது எமன்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணுக்கு போன் செய்தால் உதவி கிடைக்கும்.

செக் என்ஜின் விளக்கு விடாமல் மினுக்கினால் மட்டும் 'வீடு வரை போயிடலாம்' என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, பல ஆயிரத்தில் போய் நிற்கும்.