வாரத்தில் ஒரே ஒரு நாள்: சொரியாசிஸ் மாத்திரையின் வரலாறும் அதை உட்கொள்ளும் முறையும்

சொரியாசிஸ் நோய்க்கு எங்கள் தோல் மருத்துவப் பிரிவில் சிகிச்சை பெறும் பலருடைய மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையின் பெயரும், அதன் அருகே ஒரு கிழமையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். மற்ற மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்ளச் சொல்லும் மருத்துவர்கள் இதனை மட்டும் வாரத்தில் ஒரே நாள் உட்கொள்ளச் சொல்வது ஏன் என்று நோயாளரும் குடும்பத்தினரும் எங்களிடம் வினவுகின்றனர். இதற்கான விடையைத் தெரிந்துகொள்வது உயிர்காக்கும் செய்தியாகும். இம்மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் சில நாட்களிலேயே பெருந்தீங்கு நேரக்கூடும்.

நோயின் தன்மை

நம் தோலின் அடிப்பகுதியில் பிறக்கும் உயிரணுக்கள் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் நோயில் இவ்வளவும் ஒரு வாரத்திற்குள் நடந்துவிடுகிறது. முதிராத உயிரணுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சிவந்த தடிப்பாகவும் வெள்ளிநிறச் செதிலாகவும் தோன்றுகின்றன. இந்த வேகத்திற்குக் காரணம் கிருமியன்று. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தோலைப் பகையெனக் கருதித் தூண்டிவிடுவதே. எனவே இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் உறங்குவதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ பிறருக்குப் பரவாது. சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடும் நோய் இதுவே. இந்தியாவில் வளர்ந்தோரிடையே 0.44 முதல் 2.8 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் நன்கு அடக்கி வைக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் நெடுங்காலமாகப் பயன்படுவது மெத்தோட்ரெக்சேட்.

குன்னூரிலிருந்து தொடங்கிய வழி

இம்மருந்தின் வரலாறு தோல் நோயில் தொடங்கவில்லை. கருவுற்ற பெண்களின் இரத்தசோகையில் தொடங்கியது. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928 முதல் மும்பையில் ஏழைத் தாய்மாரைத் தாக்கிய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். பின்னர் நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என மக்கள் அழைக்கும் மருத்துவமனையிலும் அவ்வாய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அந்நோயைக் குணப்படுத்துகிறது என்று கண்டறிந்தார். அச்சத்து 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்ற பெயரையும் பெற்றது.

அடுத்த கட்டத்தில் நின்றவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். 1923-இல் அமெரிக்கா சென்ற அவர், லெடர்லே ஆய்வகத்தில் தலைமை தாங்கிய குழு, ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதைப் போன்றே தோற்றமளித்து, அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழு உருவாக்கியது. பூட்டில் நுழைந்து திறக்காமல் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவியைப் போன்றவை அவை. அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய இரண்டும் அவ்வாறு பிறந்தவை. உயிரணு பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதைத் தடுத்தால் பெருக்கம் குறையும். 1948-இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்துத் தற்காலிக முன்னேற்றம் கண்டதை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

தோல் நோய்க்கான பயன் எதிர்பாராமல் கிடைத்தது. 1951-இல் ரிச்சர்ட் குப்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் முடக்குவாத நோயாளருக்கு அமினோப்டெரினைக் கொடுத்தபோது, சொரியாசிஸும் இருந்தவருடைய தோல் தெளிந்ததைக் கவனித்தனர். மூட்டுக்குக் கொடுத்த மருந்து தோலையும் ஆற்றியது. நச்சுத்தன்மை மிகுந்த அமினோப்டெரினின் இடத்தை நாளடைவில் மெத்தோட்ரெக்சேட் பெற்றது.

ஏன் வாரம் ஒருமுறை?

தொடக்கத்தில் இம்மருந்தைச் சிறு அளவில் நாள்தோறும் கொடுத்துப் பார்த்தனர். அம்முறையில் கல்லீரல் பாதிப்பு மிகுதியாயிற்று. 1971-இல் வெளிவந்த ஆய்வொன்று, வாரத்தில் ஒருமுறை மட்டும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று பங்காகக் கொடுக்கும் முறையை முன்வைத்தது. இன்று பெரும்பாலோருக்கு ஒரே வேளையாகவே கொடுக்கிறோம். வாரக் கணக்கு மட்டும் மாறவில்லை.

காரணம் எளிது. இம்மருந்து உயிரணுக்களுக்குள் சென்று பல நாட்கள் தங்கி வேலை செய்கிறது. ஆகவே ஒருநாள் உட்கொண்டதன் பயன் அந்த வாரம் முழுதும் தொடர்கிறது. மறுபுறம், இரத்தத்தை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்பூச்சும் நாள்தோறும் பெருகும் உயிரணுக்களைக் கொண்டவை. எஞ்சிய ஆறு நாட்களில் அவை தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. நாள்தோறும் உட்கொண்டால் அந்த ஓய்வு கிடைக்காது. வாய்ப்புண் தோன்றும், இரத்த அணுக்கள் குறையும், தொற்றும் இரத்தக்கசிவும் உயிருக்கு ஆபத்தாக முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குடும்பத்தில் ஒருவர் இம்மாத்திரைக்குப் பொறுப்பேற்பது நல்லது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில், மாத்திரை நாளுக்குரிய தாள்களில் முன்கூட்டியே அடையாளமிட்டு வையுங்கள். மாத்திரையை உட்கொண்டபின் அத்தாளைக் கிழித்துக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் இதைப் போட வேண்டாம்.

பக்க விளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் தருகிறோம். அதை மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளும் நாளில் தவிர்க்கச் சொல்வோம். இவை இரண்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருக்கும். சில விற்பனைப் பெயர்களும் ஒன்றுபோல் ஒலிக்கும். கடையில் வாங்கியதும் அட்டையில் அச்சிட்ட மருந்தின் பெயரையும், 2.5 மில்லிகிராமா அதற்கு மேலா என்ற அளவையும் மருந்தாளுநரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறித்த நாளில் மறந்துவிட்டால், இரண்டு நாட்களுக்குள் நினைவு வந்தால் உட்கொள்ளலாம். அதற்குமேல் கடந்துவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு, அடுத்த வாரம் வழக்கமான நாளில் வழக்கமான அளவையே உட்கொள்ள வேண்டும். இரு மடங்காகக் கூட்டலாகாது.

மருந்தைத் தொடங்கும் முன்னும் பின்னர் குறித்த இடைவெளியிலும் இரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தேவை. மது அருந்தலாகாது. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இதனை உட்கொள்ளவே கூடாது. குழந்தைப்பேற்றை எண்ணும் பெண்களும் ஆண்களும் முன்னதாகவே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் சென்றால் இம்மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்; கோ-ட்ரைமாக்சசோல் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளும் சில வலி நிவாரணிகளும் இதனோடு சேர்ந்து தீங்கு விளைவிக்கும்.

இம்மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் வயலில் உழைப்போரும், கடலூர் முதுநகர், கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் மீன்பிடிப்போரும் வெயில் நாளில் போதிய நீர் அருந்த வேண்டும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் இருக்கும் வாரத்தில் மாத்திரையை நிறுத்திவைத்து எங்களைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைகள் துண்டிக்கப்பட்டுப் பரிசோதனைக்கு வர இயலாவிட்டால், தொலைபேசியில் கேட்டபின் தொடருங்கள்.

வாய்ப்புண், காய்ச்சல், காரணமின்றித் தோன்றும் இரத்தக்கசிவு அல்லது கன்றிய புள்ளிகள், விடாத வறட்டு இருமல், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த வேளையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தவறுதலாகக் கூடுதலாக உட்கொண்டிருந்தால், உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றே வாருங்கள். ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்து உண்டு. விரைந்து கொடுத்தால்தான் அது நன்கு பயன்தரும்.

புதிய மருந்துகள்

இன்று நோய் எதிர்ப்பு அணுக்களின் குறிப்பிட்ட சமிக்ஞையை மட்டும் தடுக்கும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. 2008-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், 16 வாரங்களில் நோயின் கடுமை நான்கில் மூன்று பங்கு குறைந்தவர்கள் மெத்தோட்ரெக்சேட் பெற்றோரில் 35.5 விழுக்காட்டினர், அடலிமுமாப் ஊசி பெற்றோரில் 79.6 விழுக்காட்டினர். பெங்களூரிலுள்ள பயோகான் நிறுவனம் உருவாக்கிய இட்டோலிசுமாப் என்னும் ஊசிக்கு இந்தியாவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. இவ்வகை ஊசிகளின் விலை மிகுதி; மறைந்திருக்கும் காசநோய் உள்ளதா என்று பார்த்த பின்னரே தொடங்க வேண்டும். எனவே மெத்தோட்ரெக்சேட் பயன்தராதோருக்கும் ஏற்காதோருக்குமே இவற்றை முதலில் கருதுகிறோம். புற ஊதா ஒளிச் சிகிச்சையும் பலருக்கு நற்பயன் தருகிறது.

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சும் தைலத்தை நம் பகுதியில் பலர் பூசுகின்றனர். அதனைப் பூசுவோர் எங்களிடம் தயங்காமல் சொல்லலாம். உள்ளே உட்கொள்ளும் எந்த மருந்தானாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்லீரலுக்கு இரட்டைச் சுமை ஏற்படலாகாது. சில நாட்களில் அடியோடு நீக்குவோம் என்று கூறித் தரப்படும் பெயரற்ற பொடிகளிலும் களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அதை உட்கொண்டு திடீரென நிறுத்தினால் உடல் முழுதும் சிவந்து சீழ்க்கொப்புளம் தோன்றுமளவுக்கு நோய் சீறி எழலாம்.

அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் உடன் கொண்டுவாருங்கள். எந்த மாத்திரை, எந்தக் கிழமை, எத்தனை என்று எங்களிடம் சொல்லிக் காட்டுங்கள். வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்பவரும் அதைச் சொல்லிக் காட்டட்டும்.