மெட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

எட்டாம் வகுப்பில் பாரதியார் பாடம். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் இடம்பெற்ற பாரதியார் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டேன். எழுதியவர் யார் என்றதும் வகுப்பே பதில் சொன்னது. பாடியவர்? "சீர்காழி கோவிந்தராஜன் சார், எங்க தாத்தா சொல்வாரு" என்றாள் ஒரு மாணவி. மெட்டமைத்தவர்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. முந்தைய நாள்வரை எனக்கும் தெரியாதுதான்.

அவர் ஜி. இராமநாதன். திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவில்காரர். நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட 'பொன்முடி', 'மந்திரி குமாரி' இரண்டுக்கும் இசை அவரே. முன்னது பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்'. பின்னது குண்டலகேசிக் கதையைத் தழுவியது. தமிழாசிரியர்களுக்கு இரண்டுமே அந்நியமல்ல. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960இல் கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த இசையமைப்பாளர் விருதும் பெற்றார்.

1963இல் அவர் மறைந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம் மறைந்ததும் அதே ஆண்டில்தான். அதற்குள் மெல்லிசைக் காலம் வந்துவிட்டது. பாட்டுகள் நிலைத்தன, பெயர் மட்டும் மெல்ல நழுவியது. காரணம் எளிது. காதில் விழுவது பாடகரின் குரல். கண்ணில் படுவது நடிகரின் முகம். 'சிவாஜி பாட்டு', 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மறந்த பெயர் தானாகத் திரும்பி வராது. யாராவது தேட வேண்டும். ஆய்வாளர் வாமனன் தம் 'திரை இசை அலைகள்' நூல்வரிசையில் பழைய இசையமைப்பாளர்களின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்தார். பாட்டோடு இசையமைப்பாளர் பெயரையும் சொல்லும் வானொலி அறிவிப்பாளர்களும், பழைய பாடல்களை விவரத்தோடு பகிரும் ரசிகர்களும் அந்தப் பணியைத் தொடர்கிறார்கள்.

இதை வகுப்பறைச் செயல்பாடாக்கலாம். ஒரு பாட்டுக்கு ஓர் அட்டை: எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் என நான்கு கட்டங்கள். திரைப்பாட்டில் தொடங்கி, ஊர்ப் பாட்டுக்கு வாருங்கள்.

என் வகுப்பில் அடுத்த வாரம் ஒரு மாணவன் அட்டை கொண்டுவந்தான். மாரியம்மன் பண்டிகையில் பம்பை வாசிப்பவர் தன் பெரியப்பா என்று, பெயரோடு எழுதியிருந்தான். அதுவரை அதைச் சொல்லக் கூச்சப்பட்டவன். அன்று அட்டையை அவனே எழுந்து நின்று வாசித்தான். இராமநாதன் அட்டைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டியிருக்கிறோம்.