பைத்தியக்காரர் என்றார்கள், பொட்டல் நிலத்தில் கதிர் விளைந்தது!

வெயில் கொளுத்துகிறது. நிலம் சீமெந்துத் தரைபோல் இறுகிக் கிடக்கிறது. மழைக்கு இன்னும் பல வாரங்கள் உண்டு. ஊரார் நிழலில் ஒதுங்கியிருக்க, ஒருவர் மட்டும் மண்வெட்டியுடன் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார். ஒன்றிரண்டல்ல, வயல் முழுவதும் குழிகள்! பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? "இவருக்குப் பைத்தியம்" என்றுதான் சொன்னார்கள்.

அவர் பெயர் யாக்கூபா ஸவடோகோ. மேற்கு ஆபிரிக்காவில், ஸஹாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள புர்க்கினா பாஸோ நாட்டவர். சிறு வயதில் அயல்நாடான மாலிக்கு அனுப்பப்பட்டு அல்குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர். விவசாயக் கல்லூரியின் வாசலை மிதித்தவரல்லர். ஊர் திரும்பிச் சந்தையில் கடை நடத்தினார்.

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அப்பிரதேசத்தைக் கடும் வரட்சி வாட்டியது. கிணறுகள் வற்றின. கால்நடைகள் மடிந்தன. குடும்பம் குடும்பமாக மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அந்த வேளையில்தான் யாக்கூபா கடையை விட்டுவிட்டு நிலத்திற்குத் திரும்பினார்.

குழியில் என்ன இரகசியம்?

அவர் செய்தது முற்றிலும் புதியதல்ல. "ஸாயி" எனப்படும் நடுகைக் குழிகளை அவருடைய முன்னோரும் அறிந்திருந்தனர். யாக்கூபா அவற்றை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டினார். கோடையிலேயே தோண்டி, சாணத்தையும் உக்கிய குப்பையையும் அவற்றுள் இட்டார். அதற்குக் கறையான்கள் வந்தன. "கறையானா? பயிருக்கு எதிரியல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அவை உழவனின் கூலியாட்களாயின! குப்பையைத் தின்று, மண்ணுக்குள் நுண்ணிய சுரங்கங்களை அமைத்தன. மழை பெய்ததும், முன்பு வழிந்தோடிய நீர் அச்சுரங்கங்கள் வழியே இறங்கி வேரடியில் தங்கியது. வயலுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கிய கற்கள் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தன. மண் அரிப்பைத் தடுத்தன.

எதுவும் விளையாத நிலத்தில் இறுங்கும் கம்பும் கதிர் தள்ளின. மழை குறைந்த ஆண்டிலும் இம்முறையில் ஹெக்டயருக்கு 300 முதல் 400 கிலோ வரையிலும், நல்ல மழை கிடைத்தால் 1500 கிலோ வரையிலும் தானியம் கிடைத்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். முன்பு அங்கு கிடைத்தது வெறும் பூச்சியம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சாணத்தோடு வந்த மர விதைகளும் குழிகளில் முளைத்தன. அவர் அவற்றைப் பிடுங்கவில்லை, காத்து வளர்த்தார். காலப்போக்கில் சுமார் 40 ஹெக்டயர் பரப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட மர, செடி வகைகள் கொண்ட காடே உருவாயிற்று.

ஆரம்பத்தில் பொறுக்காத சிலர் அதற்குத் தீ வைத்தார்கள். அவர் மீண்டும் தொடங்கினார். தாம் கற்றதை மறைத்து வைக்கவுமில்லை. 1984 முதல் தமது நிலத்திலேயே சந்தை நாட்களைக் கூட்டி, பல ஊர் விவசாயிகளுக்கும் முறையைக் கற்பித்தார். அங்கே விதைகளும் கைமாறின. பைத்தியம் என்று ஏசிய ஊருக்கு அவர் கொடுத்த பதில் இதுதான். 2018இல் "மாற்று நோபல்" எனப்படும் வாழ்வுரிமை விருது அவரைத் தேடி வந்தது. 2023 டிசம்பரில் அவர் காலமானார்.

நமக்கென்ன பாடம்?

இது மந்திரமல்ல. ஒரு ஹெக்டயரில் குழி தோண்ட நூற்றுக்கணக்கான மணிநேர உழைப்பு வேண்டும். சாணமும் கையிருப்பில் இருக்கவேண்டும். நீர் தேங்கும் எமது நெல்வயலுக்கு இந்தக் குழி பொருந்தவும் மாட்டாது. ஆனால் அதன் அடிப்படை எல்லா நிலத்துக்கும் பொருந்தும்: முதலில் மண்ணுக்கு ஊட்டு, பிறகு மண் உனக்கு ஊட்டும்.

அதற்குக் காலமும் வேண்டும். 2021 மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளையோ பயிற்சியோ விவசாயிகளிடம் இருக்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசி விலை ஏறியதை உங்கள் அடுப்படியே அறியும்! யாக்கூபா பல ஆண்டுகள் குழி குழியாகச் செய்ததை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரே போகத்தில் செய்துவிட முடியுமா?

மழை இப்போது நாம் எதிர்பார்க்கும் நாளில் வருவதில்லை. வந்தால் வெள்ளம், வராவிட்டால் வரட்சி. ஆகவே, அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைக்காதீர்கள். அதை வயலிலேயே உக்க விடுங்கள். வேலியோரம் சீமைக்கிளுவை நட்டு அதன் தழையை மண்ணுக்குக் கொடுங்கள். வயலில்லாதவர்களே, உங்கள் முற்றத்தில் ஒரு முழக் குழி தோண்ட இடமில்லையா? சமையலறைக் கழிவையும் ஆட்டுப் புழுக்கையையும் இட்டு மூடுங்கள். அடுத்த மழைக்கு அதில் ஒரு முருங்கைத் தடியையோ பூசணி விதையையோ ஊன்றிப் பாருங்கள்.

பார்ப்பவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்! மழைக்கு முன்பே குழி தோண்டியவருக்குத்தான் மழை பயன்பட்டது.