ஹெரால்டின் பின்கதவுக்கு ஒரு டோர் பேட்

பழைய கார் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: "இன்ஜினைச் சரி பண்ணிடலாம் சார், உள்பக்கம்தான் உயிரை வாங்கும்." முதலில் நான் நம்பவில்லை. இன்ஜின்தானே சிக்கலான சமாச்சாரம், ரெக்சினும் அட்டையும் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து இதை எழுதுகிறேன். அவர்கள் சொன்னதுதான் சரி.

காரணம் எளிது. பிஸ்டன், பேரிங், ஆயில் சீல் எல்லாம் எண்கள். விட்டம், நீளம் தெரிந்தால் வேறு வண்டியின் பாகத்தைக் கடைந்து போட்டுக்கொள்ளலாம். டோர் பேட் அப்படியில்லை. அது அந்தக் கதவுக்கு மட்டுமே உரிய வடிவம். வண்டி ஓடுவதற்கு அது தேவையும் இல்லை என்பதால் யாரும் ஸ்டாக் வைக்கவில்லை.

என்னிடம் இருப்பது 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சித்தப்பாவின் கார். அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, ஓட்டுவதில்லை, அதனால் என்னிடம் வந்தது. இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. சென்னையில் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இதை நம் ஊர்க் காராக்கியது.

இங்கேதான் சிக்கல். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இன்றும் புதிய பாகங்கள் செய்து விற்கிறார்கள். கண்ணாடி ஏற்றி இறக்கும் வைண்டர் ஹேண்டில், ரப்பர் பீடிங் எல்லாம் தபாலில் வரும். டோர் பேட் மட்டும் வராது. ஏனென்றால் அவர்கள் ஹெரால்டுக்கு நாலு கதவே கிடையாது! சலூன், கூப்பே, கன்வெர்ட்டிபிள், எஸ்டேட் எல்லாமே பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் சென்னையில் பிறந்தது. பின்கதவு அங்கே இல்லவே இல்லை. நாலு கதவு வந்ததும் முன்கதவும் குட்டையாகிவிட்டதால் அவர்களின் முன்கதவு பேடும் பொருந்தாது. ஆக, உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத பொருளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பேக்கப் எடுக்காத பாவம்

மென்பொருள் துறையில் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். பேக்கப் இல்லாமல் எதிலும் கை வைக்காதே என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுப்பவன். அந்த ஆள் என்ன செய்தேன் தெரியுமா? இடது பின்கதவு பேடைக் கழற்றி, சாம்பிள் என்று ஒரு குஷன் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் போனால் புதுசு பளபளவென்று இருந்தது. பழசைக் கேட்டேன்.

"புதுசு வந்துருச்சுல்ல சார், அந்த ஊறிப்போன அட்டை எதுக்கு? குப்பை வண்டியில போட்டாச்சு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்வையில் அது நிஜமாகவே குப்பைதான். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் வைண்டர் ஓட்டை அரை இன்ச் தள்ளி இருந்தது. கீழ் விளிம்பு கதவோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பிரதி கையில் இல்லை.

ஒரே ஆறுதல், வலது பின்கதவு பேட் வீட்டில்தான் இருந்தது. இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம். சர்வரில் இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை வைப்பது போல. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று நம்பினேன்.

அட்டை ஏன் ஊறுகிறது?

வலது பேடின் கீழ்ப்பகுதியும் அப்பளம் மாதிரி உப்பிப் போயிருந்தது. புதுசு செய்யும் முன் இது ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம். இல்லையென்றால் புதுசும் நாலே மழையில் அதே கதிக்கு வரும்.

கார் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீரை வெளி ரப்பர் முழுதாகத் தடுக்காது. அது கதவின் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் சின்ன வடிகால் ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. டோர் பேட் நனையாமல் இருக்க, கதவுத் தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே ஒரு பாலிதீன் ஷீட் அல்லது மெழுகுத்தாள் இருக்க வேண்டும். என்றோ ஒரு மெக்கானிக் அதைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார். வடிகால் ஓட்டைகளும் மண் அடைத்துக் கிடந்தன. ஹார்ட்போர்டு என்பது அழுத்திய மரநார். திரி எண்ணெய் குடிப்பது போல அது தண்ணீர் குடிக்கும்.

அதனால் முதல் வேலை, பேடே இல்லை. ஒரு கம்பியால் ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிட்டு, கெட்டியான பாலிதீன் ஷீட்டை ஓரம் முழுக்க பசை நாடா வைத்து ஒட்டினேன். செலவு நூறு ரூபாய்க்குள். மொத்த வேலையில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

இன்னொன்று: ஹெரால்டில் வைண்டர் ஹேண்டிலுக்கு வெளியே தெரியும் ஸ்க்ரூ கிடையாது. ஹேண்டிலுக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால், குறுக்கே ஒரு பின் தெரியும். அதைத் தட்டி எடுத்தால் ஹேண்டில் கழன்று வரும். தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் பேடும் போகும், குரோமும் போகும்.

கதவுக்கு ஒரு மைப்படி

உப்பிய அட்டையை அப்படியே வரைந்தால் உப்பலும் சேர்ந்து வரும். ஆனால் கதவுத் தகடு உப்பாது, அதில் ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கல்வெட்டைப் படியெடுப்பவர்கள் தாளை வைத்து அழுத்தி மை ஒற்றுவார்கள் அல்லவா? அதையே செய்தேன். பெரிய தாளைக் கதவில் நாடா போட்டு ஒட்டி, பென்சில் கரியால் தேய்த்தேன். ஒவ்வொரு ஓட்டையும் விளிம்பும் தாளில் தெளிவாக விழுந்தது. இரண்டு பின்கதவுக்கும் தனித்தனிப் படி.

வலது படியைத் திருப்பி இடது படி மேல் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அங்கே ஒரு புதிர். பெரிய ஓட்டைகள் எல்லாம் அச்சாகப் பொருந்தின. சின்ன ஓட்டைகள் ஏழும் 3 முதல் 6 மிமீ வரை விலகி நின்றன. இத்தனைக்கும் என் கையில் இருந்த பழைய பேடில் ஸ்க்ரூ போட்டிருந்தது அந்தச் சின்ன ஓட்டைகளில்தான். பெரிய ஓட்டைகள் சும்மா கிடந்தன.

அந்தக் கால உற்பத்தி, கைவேலை, அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆதாரம் கண் முன்னால் இருந்தும் தப்பாகப் படித்தேன்.

எதில் செய்வது?

அடிப்பலகைக்கு மூன்று வழி உண்டு. ஹார்ட்போர்டு மலிவு, வளையும், ஆனால் தண்ணீர் ஆகாது. பி.வி.சி. ஃபோம் போர்டு நனையாது, ஆனால் மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் நெளிந்துவிடும். நான் எடுத்தது 3 மிமீ மரைன் பிளைவுட். வெட்டிய விளிம்பிலும் துளைகளின் உள்பக்கத்திலும் வார்னிஷ் அடிக்க வேண்டும், தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

மேலே ரெக்சின். ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனியின் பெயர், நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணி. இன்று நாம் ரெக்சின் என்று வாங்குவது பி.வி.சி. பூசிய துணி. தொழிற்சாலை டோர் பேடுகளில் தையலே இல்லாமல் கோடு கோடாக அழுந்தியிருக்குமே, அது ரேடியோ அலையால் செய்வது. 27.12 மெகாஹெர்ட்ஸில் மின்புலத்தை மாற்றினால் பி.வி.சி. மூலக்கூறுகள் தாமே சூடாகி ஒட்டிக்கொள்ளும். குஷன் கடையில் அந்த மெஷின் இருக்காது, தைத்துத்தான் தருவார்கள். என்னிடமிருந்த பேடிலும் தையல் கோடுகள்தான் இருந்தன, அதனால் நானும் தைக்கக் கொடுத்தேன். இந்த முறை வேறு கடை. சாம்பிளாகத் தாளில் வெட்டிய நகலை மட்டும் கொடுத்தேன், மூலம் என் அலமாரியில்.

வைண்டருக்குப் பின்னால் வரும் பிளாஸ்டிக் வளையத்தை 3டி பிரிண்டரில் அடித்தேன். முதலில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக். ஒரே வாரத்தில் வெயிலில் வளைந்து தோசை ஓரம் மாதிரி ஆகிவிட்டது. பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகும். ஏ.எஸ்.ஏ. சுமார் 100 டிகிரி வரை தாங்கும், வெயிலில் எளிதில் நிறமும் வெளுக்காது. இரண்டாவது தடவை அதில் அடித்தேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

சித்தப்பா சொன்னது

தைத்து வந்த ரெக்சினைப் பலகையில் ஒட்டுவதற்கு முன் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பழைய பேடையும் எடுத்துப் போனேன். பார்வைதான் இல்லையே, விரலால் தடவிப் பார்த்தார். பழைய பேடின் தையலில் விரல் நின்றது.

"இது கம்பெனி பேடு இல்லடா."

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"79-ல மழைத் தண்ணி ஏறி ஊறிப்போச்சு. புதுப்பேட்டையில குடுத்து மாத்துனேன். அந்த ஆளு கிளிப் கிடைக்கலன்னு, கதவுலயே ஓட்டை போட்டு ஸ்க்ரூ முறுக்கிட்டான். உங்க சித்தி ரெண்டு நாள் திட்டுனா."

புதிர் அவிழ்ந்தது. பெரிய ஓட்டைகள் தொழிற்சாலையில் குத்தியவை, கிளிப்புக்கானவை. அதனால்தான் இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தின. சின்ன ஏழும் 1979-ல் ஒருவர் கையால் துளைத்தவை. நான் இரண்டு வருஷமாக ஒரிஜினல் என்று பொத்திப் பாதுகாத்தது ஒரு நகல். குப்பைக்குப் போனதே என்று தூக்கம் கெட்டதும் ஒரு நகலுக்காகத்தான்!

"கம்பெனி பேடு என்ன கலர் சித்தப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லப்பா. இந்த மெரூன் உங்க சித்தி எடுத்தது. அது மட்டும் தெரியும்."

சித்தி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆக, இப்போது பின்கதவுகளில் இருப்பது இரண்டும் கலந்த ஒன்று. பொருத்தம் தொழிற்சாலையுடையது: பெரிய ஓட்டைகளில் ஸ்பிரிங் கிளிப், ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. சின்ன ஓட்டைகளைத் துருப்பிடிக்காமல் அடைத்துவிட்டேன். நிறமும் தையலும் 1979.

மாட்டும் முன் பலகையின் பின்பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதினேன்: பேட் மாற்றியது 1979, மறுபடி மாற்றியது எந்த வருஷம், எந்தப் பலகை, எந்தப் பசை, பெரிய ஓட்டைகளே அசல். மெரூன் நிறம் யார் தேர்வு என்பதையும். அடுத்து இதைக் கழற்றப்போகிறவர் யாரோ, அவராவது என்னைப் போல் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.