புளி இருக்க ஆசிட் எதுக்கு? "எலுமிச்சைதானே" என்று பிளீச்சிங் பவுடரில் பிழிந்தால் ஆபத்து!

விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்து ஊர் சூலக்கரை. இந்த வட்டாரத்தில் 'மருந்து' என்று சொன்னால் காய்ச்சல் மருந்து என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பட்டாசு மருந்துதான்!

எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று இங்கே சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். பொட்டாசியம் குளோரேட் தனி டப்பாவில், கந்தகம் தனி டப்பாவில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஓர் உரசல் போதும். தீர்ந்தது கதை! இந்த இரண்டும் கலந்த வெடிகளுக்கு மத்திய அரசு 1992-லேயே தடை போட்டுவிட்டது.

இவ்வளவு விவரம் தெரிந்த ஊரில், வீட்டுக் கக்கூசுக்குள் மட்டும் எல்லாவற்றையும் கலந்து ஊற்றுகிறோம். இது என்ன நியாயம்?

பங்குனிப் பொங்கல் வந்தால் விருதுநகரில் வீட்டுக்கு வீடு ஒட்டடை அடிப்பு, பாத்திரம் விளக்கல், தரை கழுவல். கடைக்காரர் பச்சை பாட்டில், நீல பாட்டில் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார். பர்ஸ் காலி! ஆனால் அதில் பாதி வேலையை அஞ்சறைப்பெட்டியே பார்த்துவிடும்.

புளி செய்யும் மாயம்

குத்துவிளக்கு கறுத்துப் போச்சா? ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கையைத் தூக்கிப் போடாதீங்க. கொஞ்சம் கல்லுப்பு சேர்த்துத் தேயுங்க. பளபளவென்று வரும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பித்தளை, செம்பு மேல் படிந்த கறுப்பை அது கரைத்துவிடுகிறது. தேய்த்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் மறுபடி கறுக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கா? விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். சாம்பலில் காரம் இருக்கிறது. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். கேஸ் அடுப்பு வந்தபிறகு சாம்பலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? சீயக்காய்த் தூள் இருக்கிறதே! அதிலும் பூந்திக்கொட்டையிலும் இயற்கையாகவே நுரைக்கும் சத்து உண்டு. பட்டுச்சேலைக்குக்கூடப் பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான் நல்லது.

போர்த் தண்ணீரால் குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை பிடித்திருந்தால், பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்துச் சற்று ஊறவிட்டுக் கழுவுங்க. கறை இளகிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் போடக் கூடாது. எலுமிச்சையும் வினிகரும் மொசைக் தரையை, சலவைக்கல்லை அரிக்கும். புளியும் சலவைச் சோடாவும் அலுமினியச் சட்டியைப் பாழாக்கும்.

நுரையைக் கண்டு ஏமாறாதீங்க

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் புஸ்ஸென்று நுரைக்கும். "பார், அழுக்கு எப்படிக் கிளம்புது!" என்று ஆச்சரியப்படுவோம். உண்மையில் கிளம்புவது கார்பன்-டை-ஆக்சைடு. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். சோடாவைத் தனியாகப் போட்டுத் தேயுங்க, வினிகரைத் தனியாக ஊற்றுங்க. இரண்டும் உருப்படியாக வேலை செய்யும்.

இன்னொன்று, இப்போது பல வீட்டில் பாட்டிலில் ஊறிக்கொண்டிருக்கும் பழத்தோல் கரைசல். வெல்லம் 100 கிராம், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர். 3 மாதம் புளிக்கவிட்டு வடிகட்டி, தண்ணீர் கலந்து தரை துடைக்கலாம். தாய்லாந்தில் இருந்து பரவிய முறை இது. ஆனால் ஒரு விஷயம்: புளிக்கும்போது காற்று உண்டாகும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினால் பாட்டில் வெடித்துவிடும். பட்டாசு வட்டாரத்தில் இதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

விஷக் காற்று!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வீட்டுப் பொருளால் எல்லாம் முடிந்துவிடாது. வாந்தி பேதிக்காரர் இருக்கும் வீட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கிருமி சாகாது. அங்கே பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டுக் கழுவுங்க. தப்பில்லை.

ஆனால் அதே பிளீச்சிங் பவுடர் மேல் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றினால் கிளம்புவது குளோரின் வாயு! 1915-ம் ஆண்டு முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டு ஈப்ரெ நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

ஆசிட் மட்டும் இல்லை. எலுமிச்சைச் சாறு, வினிகர், பழத்தோல் கரைசல் எதைச் சேர்த்தாலும் இதே கதைதான். "இயற்கைப் பொருள்தானே, என்ன செய்யப் போகுது?" என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. புளிப்பு எதுவானாலும் பிளீச்சிங் பவுடருக்குப் பகைதான்.

குளோரின் காற்றைவிட கனமானது. அதனால் தரையோடு தங்கும். குத்தவைத்துத் தேய்க்கிற அம்மாவின் முகத்துக்கு நேரே தங்கும். கண் எரியும், தொண்டை எரியும், இருமல் பிடிக்கும். உடனே போட்டதைப் போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். கதவைத் திறந்து போடுங்க. மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்க. "கொஞ்ச நேரத்தில் சரியாப் போகும்" என்று படுத்துவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

குளிர்பான பாட்டிலில் ஆசிட்

அடுத்த வில்லன், பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட். குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும். உள்ளே இருப்பது என்ன தெரியும்? ஒரு மடக்கில் உணவுக்குழாய் வெந்துவிடும். இனிமேல் பெயர் எழுதிய அதன் சொந்த டப்பாவிலேயே, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்க.

தப்பித்தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க! உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது மறுபடி சுடும். வாயைக் கொப்புளிக்கச் சொல்லி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ஆலை வேலைக்குப் போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மருந்துத்தூள் ஒட்டின சட்டையை அடுப்படியில் உதறாதீங்க. குழந்தை துணியோடு ஊறப்போடாமல் தனியாகத் துவையுங்க.

புளி, சீயக்காய், எலுமிச்சை எல்லாம் நல்ல ஆட்கள்தான். தனித்தனியாக வேலை வாங்கினால் வீடு மின்னும். ஆலையில் மருந்து கலக்கத் தனி அறை உண்டு, அளவு உண்டு, சட்டம் உண்டு. வீட்டில் அந்தச் சட்டம் எல்லாம் பக்கெட்டைப் பிடித்திருக்கும் கையில்தான் இருக்கிறது!